குவேக் எஞ்சினில் படம் கெட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

குவேக் விளையாட்டு 1996 ஜூன் 22 அன்று வெளிவந்தது. அதன் எஞ்சினின் மூலநிரல் 1999 டிசம்பர் 21 அன்று ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த மூலநிரல் மரத்தில் (கோப்புத் தொகுப்பில்) இரண்டு ரெண்டரர்கள், அதாவது படத்தை வரையும் பகுதிகள், அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒன்று, ஜான் கார்மாக்கும் மைக்கேல் ஆப்ராஷும் சிபியுவே ஒவ்வொரு பிக்சலையும் வரையும்படி எழுதிய சாஃப்ட்வேர் ரெண்டரர். இன்னொன்று, 1997 ஜனவரியில் வந்த ஜிஎல்குவேக். அது ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாக வரைவது; 3டிஎஃப்எக்ஸ் வூடூ கிராஃபிக்ஸ் கார்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. அந்தக் கார்டில் 4 எம்பி நினைவகம், 16-பிட் டெப்த் பஃபர் (ஒவ்வொரு பிக்சலின் தொலைவையும் குறித்துவைக்கும் இடம்); பரப்பில் ஒட்டும் படமான டெக்ஸ்சர் 256×256-க்கு மேல் கிடையாது. நிரலில் இன்று விசித்திரமாகத் தெரியும் பல வரிகளுக்கு அந்தக் கார்டுதான் காரணம்.

இந்த மரத்தையோ, இதிலிருந்து கிளைத்த உங்கள் சொந்தக் கிளையையோ இன்றைய கணினியில் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களையும் ஃபங்ஷன் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கன்சோலில் அடிக்கும்போது அசல் எழுத்தில் அடியுங்கள்.

கை வைக்கும் முன்

படம் தவறு என்று சொல்ல, சரியான படம் எது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு நம்மிடம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது: சாஃப்ட்வேர் ரெண்டரர். மேப்களையும் டெக்ஸ்சர்களையும் செய்த கலைஞர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது அந்தப் படத்தைத்தான். ஜிஎல்குவேக் பல இடங்களில் அதிலிருந்து விலகியது. வூடூவில் வேறு வழியில்லாமல் செய்த சமரசங்கள் அவை. ஆகவே ஒரு சேவ் கேமை ஏற்றி, நகராமல் நின்று, இரண்டு ரெண்டரரிலும் 640×480-இல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் ரெண்டரர் பிசிஎக்ஸ் கோப்பாகவும் ஜிஎல்குவேக் டிஜிஏ கோப்பாகவும் சேமிக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்த இடத்துக்கே திரும்பிப் போய்ப் பாருங்கள்.

கன்சோலிலேயே நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆர்_டிராஎன்டிட்டீஸ் 0 என்றால் கதவு, அரக்கர், பொருள் எல்லாம் மறைந்து உலகம் மட்டும் நிற்கும். ஆர்_ஃபுல்பிரைட் 1, பரப்புகளின் வெளிச்ச அளவைச் சொல்லும் படமான லைட்மேப்பை நீக்கிவிடும். ஆனால் லைட்மேப்கள் மேப் ஏறும்போதே கட்டப்படுவதால், மாற்றிய பின் மேப்பை மறுபடி ஏற்ற வேண்டும். ஆர்_லைட்மேப் 1 போட்டால் லைட்மேப் மட்டும் தெரியும். பழைய நிரலில் அது நெகட்டிவ் போல, வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் வரும். பயப்பட வேண்டாம். லைட்மேப்பை 255-இலிருந்து கழித்துத்தான் அங்கே சேமிக்கிறார்கள்.

வெளிக்கருவிகளில், ரெண்டர்டாக் பழைய ஃபிக்ஸட் ஃபங்ஷன் ஓப்பன்ஜிஎல்லைப் பிடிக்காது, அதற்குப் பழைய அழைப்புகளை நீக்கிய 3.2 கோர் புரொஃபைலாவது வேண்டும். பழைய நிரலுக்கு ஏபிஐட்ரேஸ் பயன்படுத்துங்கள். ஒரு பிரேமில் நடந்த ஒவ்வொரு ஜிஎல் அழைப்பையும் வரிசையாகக் காட்டும். கம்பைல் செய்யும்போது, நினைவக எல்லை மீறலைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டுவிடுங்கள். ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங்கை அணைத்துவிட்டுத்தான் ஆப்டிமைசேஷனை ஏற்ற வேண்டும். இந்த நிரல் பாயின்டர்களை இஷ்டத்துக்கு வேறு வகையாக வாசிக்கும் காலத்தில் எழுதப்பட்டது.

அறிகுறி: விண்டோ திறந்த மறுநொடியே எல்லாம் மூடிவிடுகிறது

முதன்முதலில் இதில் மாட்டிக்கொண்டபோது எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது. டீபக்கரில் பார்த்தால், ஃபங்ஷன் திரும்ப வேண்டிய முகவரி நினைவகத்தில் எங்குமே இல்லாத ஒரு எண்ணாக இருந்தது. அந்த எண்ணின் நான்கு பைட்டுகளையும் சும்மா ஆஸ்கி எழுத்துகளாக மாற்றிப் பார்த்தேன். ஓர் ஓப்பன்ஜிஎல் எக்ஸ்டென்ஷன் (டிரைவர் தரும் கூடுதல் வசதி) பெயரின் நடுத்துண்டு அங்கே உட்கார்ந்திருந்தது.

ஜிஎல்குவேக் தொடங்கும்போது டிரைவரிடம் எக்ஸ்டென்ஷன் பட்டியலைக் கேட்டு அதைக் கன்சோலில் அச்சிடுகிறது. அச்சிடும் கான்_பிரின்ட்எஃப் ஃபங்ஷன், ஸ்டாக்கில் 4096 பைட் பஃபர் ஒன்றை வைத்துக்கொண்டு விஎஸ்பிரின்ட்எஃப் மூலம் எழுதுகிறது. நீளத்தைப் பார்ப்பதே இல்லை. அன்றைய டிரைவர் பத்துப் பன்னிரண்டு பெயர்களைச் சொல்லும். இன்றையது சில நூறு பெயர்களைச் சொல்கிறது. பஃபர் நிரம்பி வழிந்து, திரும்பும் முகவரியின் மேலேயே எழுதிவிடுகிறது. குவேக் 2-இலும் இதே கோளாறு விஐடி_பிரின்ட்எஃப்பில் இருக்கிறது.

உறுதிப்படுத்த எளிய வழி ஒன்று: லினக்ஸில் மெசா டிரைவர் இருந்தால், மெசா_எக்ஸ்டென்ஷன்_மேக்ஸ்_இயர் என்ற சூழல் மாறிக்கு 2001 என்று மதிப்புக் கொடுத்து ஓட்டுங்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு வந்த எக்ஸ்டென்ஷன்களை டிரைவர் மறைத்துவிடும். விளையாட்டு ஓடினால் நோய் இதுதான். மருந்து: விஎஸ்என்பிரின்ட்எஃப்புக்கு மாறுங்கள், பட்டியலை அச்சிடும்போது ஒவ்வொரு பெயராக உடைத்து அச்சிடுங்கள். அச்சிடும் வரியை மட்டும் நீக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது போதாது. அந்த ஃபங்ஷனுக்கு வரும் நீளமான எந்தச் செய்தியும் நாளைக்கு மறுபடி இதையே செய்யும்.

அந்தப் பக்கத்திலேயே இன்னொன்றையும் திருத்திவிடுங்கள். மல்டிடெக்ஸ்சர் (ஒரே தடவையில் இரண்டு டெக்ஸ்சர்களைச் சேர்த்து வரையும் வசதி) இருக்கிறதா என்று பார்க்க, பெயரின் இறுதியில் ஓர் இடைவெளியையும் சேர்த்து எஸ்டிஆர்எஸ்டிஆரில் தேடுகிறது பழைய நிரல். அந்தப் பெயர் பட்டியலின் கடைசியில் இருந்தால் கிடைக்காது. அதோடு அது தேடுவது எஸ்ஜிஐஎஸ் வகை எக்ஸ்டென்ஷனை. இன்றைய டிரைவர்கள் தருவது ஏஆர்பி வகையை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு மாறிலிகளை அப்படியே விட்டால் சுவரில் டெக்ஸ்சர் மட்டும் அல்லது லைட்மேப் மட்டும் தெரியும். இரண்டு வகைக்கும் டெக்ஸ்சர் அலகின் எண்கள் வேறு.

அறிகுறி: படம் வருகிறது, ஆனால் வெளிச்சம் சரியில்லை

இந்த ஓர் அறிகுறிக்குள் மூன்று தனி நோய்கள் இருக்கின்றன. கலந்துவிட்டால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுப்போம்.

முழுப் படமும் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் காமாவை (வெளிச்சத் திருத்த எண்ணை) பாருங்கள். வூடூ அல்லாத எந்தக் கார்டைக் கண்டாலும் ஜிஎல்குவேக் தானாகவே காமாவை 0.7 என்று வைத்து, பேலட்டின் (நிறப் பட்டியலின்) 256 நிறங்களையும் தொடக்கத்திலேயே வெளிற வைத்துவிடும். இன்றைய கார்டு எதுவும் வூடூ இல்லை. உங்கள் கிளையில் ஷேடரிலோ (ஜிபியுவில் ஓடும் சிறு நிரலிலோ) திரை அளவிலோ இன்னொரு காமா சேர்த்திருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். பேலட்டில் செய்வதை எடுத்துவிடுங்கள். காமா ஒரே இடத்தில், கடைசிப் படியில் இருக்கட்டும்.

விளக்குக்குப் பக்கத்தில் சுவர் தட்டையாக, ஒரே வெளிச்சமாக இருக்கிறது. சாஃப்ட்வேர் படத்தில் அதே இடம் பளிச்சென்று ஒளிவட்டமாகத் தெரிகிறது. இது ஓவர்பிரைட் இழப்பு: இயல்பைவிடக் கூடுதலான வெளிச்சம் வெட்டுப்படுகிறது. கணக்கைப் பாருங்கள். மேப் கோப்பில் ஒவ்வொரு லைட்மேப் மாதிரியும் 0 முதல் 255 வரை. சாதாரண விளக்கின் ஸ்டைல் மதிப்பு (வெளிச்சப் பெருக்கி) 264. இரண்டையும் பெருக்கி, 7 பிட் வலப்புறம் நகர்த்தி, 255-ஐத் தாண்டினால் 255 என்று வெட்டிவிடுகிறது ஜிஎல்குவேக். அதாவது மாதிரி 124-ஐ எட்டியதுமே உச்சம் வந்துவிடுகிறது. அதற்கு மேலுள்ள பாதி வீச்சு முழுவதும் குப்பைக்குப் போகிறது. சாஃப்ட்வேர் ரெண்டரர் அப்படிச் செய்வதில்லை. அதன் கலர்மேப் அட்டவணையில் 64 வெளிச்ச நிலைகள். நடுவிலிருப்பது இயல்பான நிறம், அதற்கு மேல் இரண்டு மடங்கு வரை போகும்.

திருத்தம் இரண்டு அடிகளில். 7-க்குப் பதில் 8 பிட் நகர்த்துங்கள், 255-இலிருந்து கழிப்பதையும் நிறுத்துங்கள். பிறகு வரையும்போது இரண்டால் பெருக்குங்கள். மல்டிடெக்ஸ்சர் வழியில் கம்பைன் முறையில் ஆர்ஜிபி ஸ்கேலை 2 என்று வைத்தால் போதும். இரண்டு முறை வரையும் பழைய வழியில், பிளெண்டின் மூலப் பெருக்கியாக இலக்கு நிறத்தையும் இலக்குப் பெருக்கியாக மூல நிறத்தையும் கொடுங்கள். இரண்டும் கூடி 2 மடங்கு கிடைக்கும். முதல் அடியை மட்டும் செய்தால் படம் இருண்டுவிடும். ஒப்பீட்டுப் படம் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த இருட்டைக் காமாவால் சரிக்கட்டத் தோன்றும். செய்யாதீர்கள்.

மூன்றாவது, நிழலிலும் ஒளிர வேண்டிய கணினிப் பலகை விளக்குகளும் விளக்குப் பெட்டிகளும் ஒளிராமல் இருப்பது. குவேக் பேலட்டின் கடைசி 32 நிறங்கள், 224 முதல் 255 வரை, கலர்மேப்பில் எந்த நிலையிலும் இருளாதவை. ஜிஎல்குவேக் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி லைட்மேப்பால் பெருக்குவதால் அவை செத்துப்போகின்றன. ஏற்றும்போதே டெக்ஸ்சரை இரண்டாகப் பிரியுங்கள்: ஒன்றில் அந்த 32 நிறங்கள் வரும் இடம் கறுப்பு, மற்றதில் அவை மட்டும், மீதி கறுப்பு. முதலாவதை லைட்மேப்போடு வரைந்து இரண்டாவதை அதன் மேல் கூட்டுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 255-ஆம் நிறம் ஒளிரும் கூட்டத்திலும் சேர்கிறது. ஓட்டை உள்ள படங்களில் ஊடுருவும் நிறமாகவும் அதையே பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட படங்களில் 255-ஐ ஒளிரும் பட்டியலிலிருந்து விலக்க வேண்டும். அதன் நிறம் சிவப்பு 159, பச்சை 91, நீலம் 83. ஒரு மங்கிய செங்கல் நிறம். மெனு எழுத்துகளின் ஓரத்திலோ கம்பி வலையின் ஓரத்திலோ அந்த நிறம் மெல்லியதாகப் படிந்திருந்தால், வடிகட்டும்போது கண்ணுக்குத் தெரியாத பிக்சலின் நிறம் பக்கத்துக்குக் கசிகிறது என்று அர்த்தம். ஊடுருவும் பிக்சல் ஒவ்வொன்றிலும் அக்கம்பக்கத்து நிறங்களின் சராசரியை நிரப்பி, ஆல்ஃபாவை (ஒளிபுகா அளவை) மட்டும் 0-ஆக விடுங்கள்.

அறிகுறி: பரப்புகள் ஒன்றோடொன்று மினுக்குகின்றன

எங்கே மினுக்குகிறது என்று முதலில் கவனியுங்கள். தொலைவில் மட்டுமா, கிட்டத்திலுமா?

தொலைவில் மட்டும் என்றால் டெப்த் துல்லியம் போதவில்லை. ஜிஎல்குவேக்கில் வரையும் எல்லையின் தொடக்கமான அருகுத் தளம் 4, முடிவான தொலைத் தளம் 4096. ஒரு தொலைவில் எவ்வளவு இடைவெளியை டெப்த் பஃபர் பிரித்தறியும் என்பதற்குத் தோராயக் கணக்கு: தொலைவின் வர்க்கத்தை, அருகுத் தள மதிப்பும் பஃபரின் மொத்தப் படிகளும் பெருகிய எண்ணால் வகுங்கள். 24-பிட் பஃபரில் 4096 அலகு தொலைவில் அது கால் அலகு. 16-பிட் பஃபரில் அதே தொலைவில் 64 அலகு! எஸ்டிஎல் நூலகத்துக்கு மாற்றிய கிளைகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாம் எதுவும் கேட்காவிட்டால் எஸ்டிஎல் குறைந்தபட்சம் 16 பிட் என்று வைத்துக்கொள்ளும். விண்டோவை உருவாக்கும் முன்பே 24 என்று கேட்டுவிடுங்கள்; உருவாக்கிய பின் கேட்டால் பலனில்லை.

அடுத்து ஜிஎல்_இசட்ட்ரிக். இயல்பாக 1 என்று வரும். டெப்த் பஃபரைப் பிரேமுக்குப் பிரேம் துடைப்பது அன்றைக்கு நேரம் தின்னும் வேலை. அதைத் தவிர்க்க, ஒரு பிரேமில் 0 முதல் 0.5 வரையிலான பாதியையும், அடுத்த பிரேமில் ஒப்பீட்டைத் தலைகீழாக்கி 1 முதல் 0.5 வரையிலான பாதியையும் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்துக்கு அருமையான உத்தி. இன்றைக்கு அதனால் துல்லியம் பாதியாகிறது, வேகத்திலும் லாபமில்லை. 0 ஆக்குங்கள்; உங்கள் கிளையாக இருந்தால் அந்தப் பகுதியையே எடுத்துவிடலாம்.

கிட்டத்திலேயே, கதவோ லிஃப்டோ சுவரோடு சேரும் இடத்தில் மினுக்குகிறது என்றால் இரண்டு பரப்புகள் ஒரே தளத்தில் கிடக்கின்றன. துல்லியத்தை எவ்வளவு கூட்டினாலும் இது போகாது. எது முன்னால் வர வேண்டும்? சாட்சியைக் கேளுங்கள். சாஃப்ட்வேர் ரெண்டரரில் விளிம்புகளை வரிசைப்படுத்தும் இடத்தில், ஒரே தளத்தில் இரண்டு பரப்பு வந்தால் ஏற்கெனவே இருப்பதுதான் முன்னால், ஆனால் வருவது நகரும் மாடலாக இருந்தால் அதற்கு விலக்கு என்று குறிப்பே எழுதியிருக்கிறார்கள். ஆகவே கதவுதான் வெல்ல வேண்டும். கதவு, லிஃப்ட் போன்ற நகரும் பிரஷ் மாடல்களை வரையும்போது மட்டும் ஜிஎல்பாலிகன்ஆஃப்செட்டில் -1, -1 கொடுத்துக் கண்ணை நோக்கி இழுங்கள், முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இசட்ட்ரிக் 1 ஆகவே இருந்தால் ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் இந்த எண்களின் குறியும் மாற வேண்டும். அதை மறந்தால் முன்பைவிட மோசமாக, சீரான தாளத்தில் மினுக்கும்.

சுவர்கள் சேரும் கோட்டில் ஒற்றைப் பிக்சல்களாக வெள்ளைப் பொறி தெறித்தால் அது வேறு கதை. ஒரு பாலிகனின் நீண்ட விளிம்பில் இன்னொன்றின் மூலை வந்து முட்டும் இடத்தில் மேப் கம்பைலர் ஒரு கூடுதல் புள்ளியைச் சேர்த்து அனுப்புகிறது. ஜிஎல்குவேக்கோ, நேர்கோட்டில் கிடக்கும் புள்ளி வீண் என்று அதைக் களைந்துவிடுகிறது. ஜிஎல்_கீப்டிஜங்ஷன்ஸ் 1 என்று வைத்து மேப்பை மறுபடி ஏற்றுங்கள். போய்விடும்.

அறிகுறி: பார்த்த காட்சியே இழுபட்டு இழுபட்டுத் தெரிகிறது

கண்ணாடி மாளிகைக்குள் நிற்பதுபோல் இருக்கும். ஜிஎல்_கிளியர் 0 ஆக இருக்கும்போது எஞ்சின் திரையைத் துடைப்பதில்லை. உலகம் எல்லாப் பிக்சலையும் எப்படியும் மூடிவிடும் என்ற நம்பிக்கை. மூடாத இடத்தில் பழைய பிரேம் எட்டிப்பார்க்கிறது.

ஜிஎல்_கிளியர் 1 என்று அடியுங்கள். துடைக்கும் நிறமாகச் சிவப்பை வைத்திருக்கிறார்கள். வரையப்படாத இடமெல்லாம் ரத்தச் சிவப்பாகத் தெரியும். இது மருந்தல்ல, எக்ஸ்ரே. சிவப்பு எங்கே என்று பார்த்துக் காரணத்தைத் தேடுங்கள். தண்ணீருக்கு அடியில் சிவப்பு என்றால், ஆர்_வாட்டர்ஆல்ஃபாவைக் குறைத்திருப்பீர்கள். விளையாட்டோடு வந்த மேப்கள், தண்ணீர் ஒளி ஊடுருவாதது என்று வைத்துத் தெரிநிலைக் கணக்குப் போட்டவை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பதை எஞ்சின் வரையவே வராது. ஆர்_நோவிஸ் 1 போட்டுப் பார்த்தால் நிரம்பிவிடும், ஆனால் மொத்த மேப்பையும் வரைய வேண்டியிருக்கும். தெரிநிலையை மறுபடி கணக்கிட்ட மேப் கிடைத்தால் அதுதான் சரி. மிகத் தொலைவில் நேர்கோடாக வெட்டுப்பட்டுச் சிவந்தால் 4096 தொலைத் தளம். அதை 16384 ஆக்குங்கள். துல்லியத்தை ஆள்வது அருகுத் தளம்தான் என்பதால் இதற்கு விலை மிகக் குறைவு. மாறாக 4-ஐ 1 ஆக்கினால் துல்லியம் நாலில் ஒன்றாகும்.

அறிகுறி: டெக்ஸ்சர் கோணலாக, கறுப்பாக, அல்லது வேறொன்றாக வருகிறது

படம் வரிக்கு வரி கொஞ்சம் நகர்ந்து, சரிந்த சீட்டுக்கட்டுபோல் சாய்ந்து தெரிந்தால், ஒரு பிக்சலுக்கு 3 பைட் உள்ள வடிவத்தில் ஏற்றுகிறீர்கள். ஓப்பன்ஜிஎல் ஒவ்வொரு வரியும் 4-இன் மடங்கில் தொடங்கும் என்று இயல்பாக எடுத்துக்கொள்ளும். அன்பேக் அலைன்மென்ட்டை 1 ஆக்குங்கள், அல்லது 4 பைட் வடிவத்துக்கு மாறுங்கள். கோர் புரொஃபைலுக்கு மாறியதும் சுவரெல்லாம் கறுத்துப்போனால், லைட்மேப்புக்குப் பயன்பட்ட லூமினன்ஸ் வடிவம் அங்கே கிடையாது. ஒற்றைச் சிவப்பு அலைவரிசையில் வைத்து ஸ்விசில் மூலம் மூன்றுக்கும் பரப்புங்கள்.

மேப் மாறிய பிறகு மட்டும் ஏதோ ஒரு சுவரில் முந்தைய மேப்பின் டெக்ஸ்சர் வருகிறதா? ஜிஎல்_லோட்டெக்ஸ்சர் பெயரை வைத்துத்தான் பழையதைத் தேடுகிறது. பெயர் ஒன்றாகவும் அளவு வேறாகவும் இருந்தால் கேஷ் மிஸ்மேட்ச் என்று கத்திவிட்டு நிற்கும். பெயரும் அளவும் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மட்டும் வேறானால் சத்தமே இல்லாமல் பழையதைக் கொடுத்துவிடும். உள்ளடக்கத்துக்கு ஒரு சிஆர்சி (சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு அதையும் ஒப்பிடுங்கள்.

ஒரே ஒரு பிரேமுக்கு மட்டும் தப்பான டெக்ஸ்சர் பளிச்சிட்டு மறைந்தால், நீங்கள் புதிதாகச் சேர்த்த நிரலைப் பாருங்கள். ஜிஎல்_பைண்ட் கடைசியாகக் கட்டிய டெக்ஸ்சரை நினைவில் வைத்து, அதையே மறுபடி கேட்டால் சும்மா இருந்துவிடும். அதைத் தாண்டி நேரடியாக ஓப்பன்ஜிஎல்லை அழைத்திருந்தால் அந்த நினைவு பொய்யாகிவிடும்.

அறிகுறி: ராக்கெட் வெடித்தால் திணறுகிறது

கார்டு எவ்வளவு புதிதோ அவ்வளவு வியப்பாக இருக்கும் இது. வெடிப்பின் ஒளி படும் ஒவ்வொரு பரப்புக்கும் லைட்மேப்பை மறுபடி கணக்கிட்டு, அந்தப் பரப்பை வரைவதற்குச் சற்று முன் ஜிஎல்டெக்ஸ்சப்இமேஜ்2டி மூலம் மேலேற்றுகிறது மல்டிடெக்ஸ்சர் வழி. ஆனால் பல லைட்மேப்கள் சேர்ந்திருக்கும் அதே 128×128 பட்டையைப் பயன்படுத்தி வரையச் சொன்ன முந்தைய வேலையை ஜிபியு இன்னும் முடித்திருக்காது. டிரைவர் காத்திருக்க வேண்டும், அல்லது நகல் எடுக்க வேண்டும். ஒரு பிரேமுக்குள் ஐம்பது தடவை இப்படி நடந்தால் திணறாமல் என்ன செய்யும்?

பிரேமின் தொடக்கத்தில், ஒரு பாலிகனைக்கூட வரையும் முன், கண்ணுக்குத் தெரியும் பரப்புகளின் மாறிய லைட்மேப்களை எல்லாம் கணக்கிட்டுப் பட்டைக்கு ஒரு தடவையாக ஏற்றிவிடுங்கள். பிறகு வரையுங்கள். வடிவத்தைப் பிஜிஆர்ஏ, 32-பிட் ரிவர்ஸ் வகை என்று கொடுத்தால் பல டிரைவர்களில் இடையில் நிறமாற்ற வேலையும் இருக்காது. டைம்டெமோ டெமோ1 ஓட்டி முன்பும் பின்பும் அளந்து பாருங்கள்.

ஒளி தொடர்பான இன்னொரு பழைய பிழையையும் இந்தக் கையோடு தீர்க்கலாம். லிஃப்ட் தொடக்க இடத்திலிருந்து நகர்ந்த பின் அதன் பக்கத்தில் சுட்டால், ஒளி அதன் மேல் தப்பான இடத்தில் விழும், அல்லது விழவே விழாது. நகரும் மாடலின் பரப்புகள் தம் சொந்த ஆயங்களில் இருக்கின்றன. ஒளியின் இடமோ உலக ஆயங்களில். மூல நிரல் கழிக்காமலே ஒப்பிடுகிறது. ஒளியின் இடத்திலிருந்து மாடலின் ஆதிப்புள்ளியைக் கழியுங்கள். மாடல் சுழன்றிருந்தால் சுழற்சியையும் நீக்குங்கள்.

அறிகுறி: பெரிய மேப் ஏற மறுக்கிறது, அல்லது ஏறிய பின் கண்டபடி நடக்கிறது

அலாக்பிளாக் ஃபுல் என்று வந்தால் 64 லைட்மேப் பட்டைகளும் தீர்ந்துவிட்டன. எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட 128-ஐ 256 அல்லது 1024 ஆக்குவதையே நான் விரும்புகிறேன். டெக்ஸ்சர் மாற்றும் வேலை குறையும்.

பிழைச்செய்தியே இல்லாமல் சம்பந்தமில்லாத மாறிகள் கெட்டுப்போவதுதான் ஆபத்தானது. பரப்பின் அளவு வரம்பைச் சாஃப்ட்வேர் ரெண்டரர் 256 என்று வைத்திருக்க, ஜிஎல்குவேக் அதை 512 என்று தளர்த்திவிட்டது. ஆனால் லைட்மேப்பைக் கணக்கிடும் பிளாக்லைட்ஸ் அணியை 18×18 ஆகவே விட்டுவிட்டது. 16 அலகுக்கு ஒரு மாதிரி என்பதால் 512 அலகுப் பரப்புக்கு 33×33 வேண்டும். 324 இடத்தில் 1089 மதிப்புகளை எழுதுகிறது. அட்ரஸ் சானிடைசர் போட்டிருந்தால் முதல் நொடியிலேயே விரலை நீட்டிக் காட்டும். அணியைப் பெரிதாக்குங்கள்.

அறிகுறி: அகலத்திரையில் மேலும் கீழும் வெட்டுப்படுகிறது

எஞ்சின் கிடைமட்டக் கோணத்தை 90 என்று நிலைநிறுத்தி, செங்குத்துக் கோணத்தைத் திரை விகிதத்திலிருந்து வருவிக்கிறது. 4:3 திரையில் அது 73.74 பாகை, 16:9 திரையில் 58.7. செங்குத்தை 4:3-க்கு உரியதாக நிறுத்திக் கிடைமட்டத்தைக் கூட்டினால் 16:9-க்கு 106.26 வரும். துப்பாக்கி மாடலையும் சரிபாருங்கள். ஓரத்தில் அதன் வெட்டுவாய் தெரிய ஆரம்பிக்கும்.

அறிகுறி: 64-பிட் விண்டோஸில் சாஃப்ட்வேர் ரெண்டரர் மட்டும் விழுகிறது

சாட்சியே படுத்துவிட்டால் வேலை நடக்காது, ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். விளிம்புகளின் அணியைக் கேஷ் எல்லையில் நிறுத்த, முகவரியை லாங் வகைக்கு மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள். 64-பிட் லினக்ஸில் லாங் 64 பிட், அங்கே தப்பிக்கும். விண்டோஸில் அது 32 பிட். முகவரியின் மேல்பாதி போய்விடும். லாங் வருகிற இடத்தில் யுஇன்ட்பிடிஆர்_டி போடுங்கள். அசெம்பிளிக் கோப்புகள் 32-பிட்டுக்கானவை. அவற்றை அணைத்து சி வடிவத்தைக் கம்பைல் செய்யுங்கள்.

அறிகுறி: மணிக்கணக்கில் ஓடிய பின் தண்ணீரும் வானமும் துள்ளுகின்றன

மூல நிரல் நேரத்தை டபுளாக வைத்திருக்கிறது. தண்ணீர் அலையை ஷேடருக்கு மாற்றிய கிளைகளில்தான் இது வரும். ஷேடருக்குள் நேரம் 32-பிட் ஃபுளோட்டாகப் போகிறது. ஒரு நாள், அதாவது 86400 நொடி ஓடிய பின் ஃபுளோட்டின் மிகச் சிறிய படி 0.0078 நொடி. நொடிக்கு 144 பிரேம் என்றால் ஒரு பிரேமே 0.0069 நொடிதான். அலை சில பிரேம்களில் நின்று, சிலவற்றில் தாவும்.

நேரத்தைச் சிபியுவில் டபுளாகவே வைத்து, அலையின் சுழற்சிக் காலத்தால் வகுத்து மீதியை மட்டும் அனுப்புங்கள். வானத்தின் இரண்டு அடுக்குகளும் நொடிக்கு 8, 16 என்று வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து 128-இல் சுற்றி வருபவை. அவற்றுக்கும் இதே முறைதான், அடுக்குக்கு ஒன்றாகத் தனித்தனி மீதி. சரிபார்க்க ஒரு நாள் காத்திருக்க வேண்டாம். ஷேடருக்கு அனுப்பும் நேரத்தைக் கணக்கிடும் வரியில் தற்காலிகமாக 86400-ஐக் கூட்டிக் கம்பைல் செய்து, ஒரு குளத்தின் கரையில் போய் நின்று பாருங்கள்.